கிளட்சை மிதித்துத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டுமா?

எங்கள் வீட்டில் தீபாவளி வந்தால் ஆட்டுக்கறியோடு சேர்ந்து ஒரு சண்டையும் வரும். மானுவல் காரை ஸ்டார்ட் பண்ணும்போது கிளட்சை மிதிக்க வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் அந்தச் சண்டை. மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த் பக்கம் ஆயுசு முழுக்க லாரி ஓட்டிய பெரியப்பா, "நியூட்ரல்ல இருந்தா போதும்டா, சும்மா சும்மா மிதிச்சா கிளட்ச் தேஞ்சிரும்" என்பார். ஜெலுத்தோங்கில் ஃபோர்மேனாக இருக்கும் என் மச்சான் (எங்கள் ஊரில் கார் மெக்கானிக்குக்கு ஃபோர்மேன் என்றுதான் பெயர், வெளியூர்க்காரர்கள் தொழிற்சாலை மேஸ்திரி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்) "மிதிங்க மாமா, பெட்டரிக்கு நல்லது" என்பான். இரண்டிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் நான் மிதிப்பதற்குக் காரணம் இது இரண்டுமே இல்லை.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். எஞ்சினின் ஒரு முனையில் ஃபிளைவீல் என்று ஒரு கனமான இரும்புத் தட்டு இருக்கிறது. அதோடு கிளட்ச் டிஸ்க், அதற்குப் பின்னால் பிரெஷர் பிளேட். பெடலில் கால் வைக்காத வரைக்கும் பிரெஷர் பிளேட்டின் ஸ்பிரிங் டிஸ்க்கை ஃபிளைவீலோடு வைத்து நெருக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதாவது கிளட்சின் இயல்பான நிலை ஒட்டியிருப்பதுதான், பிரிப்பதற்குத்தான் கால் தேவைப்படுகிறது. எஞ்சின் சுற்றினால் கியர்பாக்ஸின் முதல் ஷாஃப்டும் கூடவே சுற்றும், நியூட்ரலில் இருந்தாலும் சுற்றும். இதைப் பலரும் யோசிப்பதில்லை. நியூட்ரல் என்றால் சக்கரத்துக்குப் போகிற வழி மட்டும்தான் அறுந்திருக்கிறது, கியர்பாக்ஸுக்குள் பாதி கியர்கள் கெட்டியான கியர் ஆயிலைக் கலக்கிக்கொண்டு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

நம்பிக்கை இல்லையென்றால் கொஞ்சம் வயதான மானுவல் கார் ஒன்றை நியூட்ரலில் ஓடவிட்டு, ஏர்கோனையும் ரேடியோவையும் அடைத்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். அடியில் ஒரு மெல்லிய உறுமல் இருக்கும். கிளட்சை முழுதாக மிதித்தால் ஒரு நொடியில் அது அடங்கும், விட்டால் திரும்ப வரும். அது கியர்பாக்ஸ் பேரிங் போடும் சத்தம். இதற்கு நேர்மாறாக, மிதிக்கும்போது மட்டும் கீச்சென்றோ கரகரவென்றோ கேட்டால் அது ரிலீஸ் பேரிங், அதாவது பெடலை மிதிக்கும்போது பிரெஷர் பிளேட்டின் ஸ்பிரிங்கைத் தள்ளி கிளட்சைப் பிரிக்கிற பேரிங். கியர்பாக்ஸைக் கழற்றாமலே இந்த இரண்டில் எது என்று மச்சான் பெடலை இரண்டு தடவை மிதித்துப் பார்த்தே சொல்லிவிடுவான்.

சரி, மச்சானின் வாதம். ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுற்றும்போது 12 வோல்ட் பெட்டரியிலிருந்து நூறு ஆம்பியருக்கு மேல் உறிஞ்சுகிறது. கிளட்சை மிதித்தால் கியர்பாக்ஸைச் சுற்றும் வேலை ஸ்டார்ட்டருக்கு மிச்சம், எஞ்சினை மட்டும் சுற்றினால் போதும். உண்மைதான், ஆனால் எவ்வளவு மிச்சம் என்பது குளிரைப் பொறுத்தது. ஐரோப்பாவில் பனி கொட்டும் காலையில் கியர் ஆயில் பாகு மாதிரி இறுகிக் கிடக்கும், அங்கே மிதிப்பதற்கும் மிதிக்காததற்கும் நல்ல வித்தியாசம் தெரியும். அங்கெல்லாம் ஸ்டார்ட் ஆன பிறகு நியூட்ரலில் கிளட்சை விட்டாலே எஞ்சின் சத்தம் ஒரு படி இறங்குவது கேட்கும். கேமரன் மலையில் விடிகாலையில் காரை எடுத்தால் அதில் ஒரு துளி நமக்கும் தெரியலாம். பினாங்கில் விடியற்காலை நான்கு மணிக்கே 24, 25 டிகிரி இருக்கிறது, இங்கே லாபம் சொற்பம். பெட்டரி சாகக் கிடக்கிற நாளில் அந்தச் சொற்பமே காரைக் கிளப்பிவிடலாம், அது வேறு விஷயம்.

பெரியப்பாவின் வாதத்தில் ஒரு சின்னத் திருத்தம். மிதிப்பதால் டிஸ்க் தேயாது. டிஸ்க் தேய்வது அது வழுக்கும்போது, அதாவது ஃபிளைவீல் ஒரு வேகத்திலும் டிஸ்க் இன்னொரு வேகத்திலும் சுற்றி ஒன்றோடொன்று உரசும்போது. முழுதாக மிதித்தால் இரண்டும் தொடுவதே இல்லை. மிதிப்பதால் அடி வாங்குவது ரிலீஸ் பேரிங்கும், எஞ்சினுக்குள் சுற்றும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்டை முன்பின் நகராமல் பிடித்திருக்கும் திரஸ்ட் வாஷர்களும். காலில் லேசாகத் தெரிகிற அழுத்தம் நெம்புகோல் வழியாகப் பெருகி நூறு கிலோவைத் தாண்டிய பாரமாகக் கிராங்கை முன்னே தள்ளுகிறது. ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினில் ஆயில் கீழே வடிந்திருக்கும், ஆயில் பிரெஷர் ஏறுவதற்கு முந்தைய அந்த ஓரிரு நொடியில் வாஷர் கிட்டத்தட்ட வறட்சியாக உரசும். பழைய பிரிட்டிஷ் டிரையம்ஃப் கார்களில் இந்த வாஷர் தேய்ந்து கீழேயே விழுந்துவிடும் என்பது பிரசித்தம், அந்தக் கார்களை வைத்திருப்பவர்களில் பலர் இன்றைக்கும் கிளட்சை மிதிக்காமல்தான் ஸ்டார்ட் பண்ணுவார்கள். ஆகவே பெரியப்பா காற்றில் பேசவில்லை. அவர் காலத்து வண்டிகளுக்கு அது பொருந்தியிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், ஸ்டார்ட் பண்ணும் ஒரு நொடிக்குக் கிளட்சைக் காப்பாற்றுகிற பெரியப்பா, கிரீன் லேன் சாலையின் சிவப்பு விளக்கில் முதல் கியரைப் போட்டு, கிளட்சை மிதித்தபடி பச்சை விழும் வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். ரிலீஸ் பேரிங்கையும் திரஸ்ட் வாஷரையும் தின்பது இந்தப் பழக்கம்தான். நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுக் காலை எடுத்துவிட்டால் இரண்டுக்கும் ஓய்வு. இதைச் சொன்னால், "பின்னாடி உள்ளவன் ஹோன் அடிப்பாண்டா" என்கிறார். அதையும் மறுக்க முடியவில்லை.

இப்போது என் காரணம். பாயா தெருபோங்கிலோ ஆயர் ஈத்தாமிலோ மேட்டு வீடுகளில் இருப்பவர்கள் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பிக் காரை நிறுத்த மாட்டார்கள், எஞ்சினை அடைத்ததும் முதல் கியரைப் போட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். நல்ல பழக்கம். ஆனால் மறுநாள் அந்தக் காரில் ஏறுவது வேறு ஆள். வீட்டில் இரண்டு மூன்று பேர் ஓட்டுகிற காரில், முதல் நாள் இரவு யார் எந்தக் கியரில் விட்டுப் போனார்கள் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினையும் சுற்றும், கியர் வழியாகக் காரையும் நகர்த்தும். எஞ்சின் பிடித்துக்கொண்டதோ, கார் எகிறிப் போய் லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) மூக்கைக் குத்தும். முன்னால் ஒரு பிள்ளை நின்றிருந்தால்? மிதித்துவிட்டால் கியரில் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆயில், வாஷர், பெட்டரி எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு இதற்காக மட்டுமே மிதிக்கலாம்.

கார் தயாரிப்பவர்களும் இதை யோசித்துத்தான் பெடலுக்கு மேலே ஒரு சின்ன ஸ்விட்ச் வைக்கத் தொடங்கினார்கள். அந்த ஸ்விட்ச் உள்ள கார் கிளட்சைக் கடைசி வரை மிதிக்காமல் ஸ்டார்ட்டருக்கே மின்சாரம் விடாது. அதனால் ஒரு புதுத் தொல்லையும் வந்தது. என் சித்தப்பா மகனின் கார் ஒரு நாள் சாவியைத் திருப்பினால் மூச்சே விடவில்லை, விளக்கு எரிகிறது, ஹோன் அடிக்கிறது, ஸ்டார்ட்டர் மட்டும் அசையவில்லை. பெட்டரி போய்விட்டது என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். மச்சான் வந்து குனிந்து பார்த்தான். கார் கழுவிய பிறகு பழைய கார்ப்பெட்டுக்கு மேலே புதுசு ஒன்றைப் போட்டிருக்கிறார்கள், அது சுருண்டு பெடலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது, பெடல் கடைசி ஒரு அங்குலம் இறங்கவில்லை, ஸ்விட்ச் தொடவில்லை. கார்ப்பெட்டை இழுத்துப் போட்டான், கார் ஸ்டார்ட் ஆனது.

ஸ்டார்ட் ஆன பிறகுதான் கிளட்சின் உண்மையான ஆட்டம். "கார் புல்லிங் இல்ல", "எண்ணெய் மிதிச்சா லேட்டா வருது" (எண்ணெய் மிதிப்பது என்றால் எங்கள் ஊரில் ஆக்சிலரேட்டரை மிதிப்பது) என்று எஞ்சினைத் திட்டுகிற பல பேருக்கு விஷயம் இடது காலில் இருக்கிறது. கிளட்சை மிதித்திருக்கும்போது எஞ்சினுக்குச் சுழற்ற வேண்டியது தன்னையும் ஃபிளைவீலையும் மட்டும்தான், அதனால் எண்ணெயைத் தொட்டாலே எஞ்சின் சுற்றைக் காட்டும் ஊசி 3000க்குப் பாயும். கிளட்ச் ஒட்டிய நொடியில் அதே எஞ்சின் ஒரு டன் இரும்பை, உள்ளே இருக்கிற ஆட்களோடும் அரிசி மூட்டையோடும் சேர்த்து வேகப்படுத்த வேண்டும். ஒட்டியதற்கும் பிரிந்ததற்கும் நடுவே பெடலில் ஒன்றிரண்டு அங்குலம் இருக்கிறது, எஞ்சின் உங்களுக்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பது அந்த இடத்தில்தான் முடிவாகிறது.

கார் ஏன் திடீரென்று அணைகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? மெல்ல மெல்லத் தளர்ந்து நிற்காது, குலுங்கி ஒரேயடியாகச் செத்துவிடும். பெரோடுவாவின் சின்னக் காரான கஞ்சிலை எடுத்துக்கொள்ளுங்கள், 1994இல் வந்தது, 660 சிசி, மூன்று சிலிண்டர். நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடும்போது அந்த எஞ்சினில் நொடிக்கு 20 தடவை வெடிப்பு நடக்கிறது. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே எஞ்சினைச் சுற்ற வைப்பது ஃபிளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றல்தான். கிளட்சை அவசரமாக விட்டால் சுற்று 400க்கு இறங்குகிறது, வெடிப்பு நொடிக்கு 10 ஆகிறது, ஆனால் ஃபிளைவீலின் ஆற்றல் பாதியாகவில்லை, கால்வாசியாகிவிடுகிறது, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உதவி தேவைப்படும் நேரத்தில் உதவிக்கு வர ஆள் இல்லை, எஞ்சின் படுத்துவிடுகிறது. நாலு சிலிண்டர் எஞ்சினில் இதே 800 சுற்றில் வெடிப்பு நொடிக்கு 26க்கு மேல், அதனால் கொஞ்சம் மன்னிக்கும். டீசல் லாரி இன்னும் மன்னிக்கும், கனமான ஃபிளைவீல், கீழ்ச் சுற்றிலேயே இழுவை, எண்ணெய் மிதிக்காமலே கிளட்சை விட்டு நகர்த்தலாம். பெரியப்பா லாரிக் காலோடு கஞ்சிலில் ஏறி முக்குக்கு முக்கு அணைத்ததன் ரகசியம் இதுதான்.

கார்புரேட்டர் காரில் கற்றுக்கொண்டவர்களுக்கு இதெல்லாம் காது வழியாக ஏறியது. 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவில் கிளட்சை உயர்த்தினால், டிஸ்க் தொடும் இடத்தில் எஞ்சின் சத்தம் கட்டையாக இறங்கும், காரின் மூக்கு ஒரு விரல்கடை தூக்கும். ஜேபிஜேயின் (சாலைப் போக்குவரத்துத் துறையின்) மலைத் தேர்வுக்கு வாத்தியார்கள் சொல்லிக் கொடுப்பதும் அதைத்தான், "சத்தம் மாறும் வரைக்கும் தூக்கு, மூக்கு தூக்கினப்புறம் ஹேண்ட்பிரேக்கை விடு." இன்றைய எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் கார்களில் சுற்று ஐம்பது குறைந்தாலே கம்ப்யூட்டர் காற்றையும் எண்ணெயையும் தானே கூட்டிக் கொடுத்து நிமிர்த்திவிடுகிறது. சமதரையில் எண்ணெயைத் தொடாமல் கிளட்சை மெதுவாக விட்டாலே கார் நகரும். சௌகரியம்தான், ஆனால் சத்தம் இறங்காததால் எங்கே ஒட்டுகிறது என்று காதுக்குத் தெரிவதில்லை, காலால்தான் தேட வேண்டியிருக்கிறது. புதிதாகக் கற்கும் பிள்ளைகள் மேட்டில் திணறுவதைச் சோம்பேறித்தனம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பழைய தலைமுறைக்குக் கிடைத்த சைகை அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

இன்னொன்று, பெடலைக் கம்பியால் இணைத்த கம்பிக் கிளட்ச் என்றால் டிஸ்க் தேயத் தேய ஒட்டும் இடம் மேலே ஏறிக்கொண்டே போகும், அவ்வப்போது கம்பியைச் சரிபண்ண வேண்டும். கம்பிக்குப் பதில் திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் அதைத் தானே சமாளித்துக்கொள்ளும்.

புதுக் கார்களில் எனக்குப் பிடிக்காத ஒரு குணமும் உண்டு. கியர் மாற்றுவதற்காக எண்ணெயிலிருந்து காலை எடுத்துக் கிளட்சை மிதிக்கிறோம், சுற்று சட்டென்று இறங்க வேண்டும் இல்லையா, இறங்காது, ஒரு நொடி அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். சிலவற்றில் கொஞ்சம் ஏறவும் ஏறும். பழுது என்று ஃபோர்மேனிடம் ஓட வேண்டாம். எஞ்சினுக்குள் காற்றை விடும் கதவான திராட்டிலை ஒரேயடியாக மூடினால் எரியாத பெட்ரோல் புகையாக வெளியே போகும் என்பதால் கம்ப்யூட்டர் அதை மெதுவாக மூடுகிறது. சுற்றுச்சூழலுக்கு நல்லது, என் இடது காலுக்கு எரிச்சல். அவசரமாக மாற்றினால் கார் முன்னே உந்தும், அந்த ஒரு நொடி காத்திருந்து கிளட்சை விட்டால் வழவழவென்று போகும்.

ஏர்கோனைச் சொல்லாமல் விட்டால் இது மலேசியக் கட்டுரையே இல்லை. சின்னக் கார் ஓட்டிய எல்லாருக்கும் தெரியும், மேடு வந்தால் முதலில் கை போவது கியருக்கு இல்லை, ஏர்கோன் பட்டனுக்கு. "அடைச்சிரு, ஏற மாட்டேங்குது" என்று பின்சீட்டிலிருந்து அம்மா சொல்வார். ஏர்கோன் கம்ப்ரசரும் எஞ்சினின் பெல்ட்டில்தான் தொங்குகிறது, அதற்கும் சொந்தமாக ஒரு மின்காந்தக் கிளட்ச் இருக்கிறது. நிற்கும்போது முன்பக்கம் 'டக்' என்று கேட்பது அது ஒட்டும் சத்தம். பெரிய எஞ்சினுக்கு அது தூசு, 660 சிசிக்கு அது கூடுதலாக ஒரு ஆளைச் சுமப்பதற்கும் மேலே. மேட்டில் கிளட்சை விடும் அதே கணத்தில் அந்த 'டக்' விழுந்தால் போச்சு, எஞ்சின் அணையும், பின்னால் ஹோன் கச்சேரி ஆரம்பிக்கும்.

மேட்டில் அணையக்கூடாது என்ற பயத்தில்தான் ஹாஃப் கிளட்ச் பழக்கம் வருகிறது. டுரியான் பருவத்தில் ஞாயிற்றுக்கிழமை துன் சார்டோன் சாலையில் பாலேக் பூலாவுக்கு ஏறிப் பாருங்கள். வளைவும் ஏற்றமுமான பாதை, முன்னால் பஸ், கார்கள் ஆமை மாதிரி நகரும். ஹேண்ட்பிரேக்கை இழுக்கச் சோம்பல்பட்டு, பிரேக்கையும் மிதிக்காமல், கிளட்சைப் பாதி விட்டு எண்ணெயைக் கொஞ்சம் மிதித்துக் காரை மேட்டிலேயே தொங்கவிடுவார்கள். பார்க்க வித்தை மாதிரி இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு டன் கார், நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் ஏறும் மேடு, எஞ்சின் 1200 சுற்று. காரைப் பின்னால் உருளாமல் பிடித்துவைக்க டிஸ்க்கில் ஏறத்தாழ இரண்டரை கிலோவாட் போகிறது. கார் நகரவில்லை, எனவே அத்தனையும் சூடு. வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்சாரக் கெண்டியைவிட அதிகம், அதுவும் காற்றோட்டமே இல்லாத ஒரு இரும்புக் கூட்டுக்குள். கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை எழும்பும், பயணிகள் டுரியான் வாடையோடு சேர்த்து அதையும் முகர்ந்துகொண்டு ஜன்னலை ஏற்றுவார்கள். ஹேண்ட்பிரேக் எதற்கு இருக்கிறது?

தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதும் கிளட்ச் இருப்பதால் நடக்கிற காரியம்தான். சாவியை ஆன் செய்து, இரண்டாவது கியரைப் போட்டு, கிளட்சை மிதித்துக்கொள்ள வேண்டும். பின்னால் நாலு பேர் தள்ளி ஓட்ட வேகம் வந்ததும் கிளட்சை வெடுக்கென்று விட்டு, எஞ்சின் பிடித்த உடனே மறுபடி மிதித்துவிட வேண்டும். ஏன் முதல் கியர் இல்லை? மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாவது கியரிலேயே எஞ்சின் ஏறக்குறைய 800, 900 சுற்றுக்கு வந்துவிடும், ஸ்டார்ட்டர் கொடுப்பதே இருநூற்றுச் சொச்சம்தான், தாராளமாகப் போதும். முதல் கியரில் எஞ்சினின் எதிர்ப்பு பல மடங்காகச் சக்கரத்துக்கு வந்து காரைப் பிரேக் போட்டது மாதிரி நிறுத்தும், தள்ளுகிறவர்கள் டிக்கியில் போய் முட்டுவார்கள். பெட்டரி அடியோடு செத்துவிட்டால் இன்ஜெக்ஷன் கார் எவ்வளவு தள்ளினாலும் எழுந்திருக்காது, பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கொஞ்சமாவது மின்சாரம் வேண்டும். ஆட்டோ கார் என்றால் தள்ளுவது வீண் உடற்பயிற்சி, அதன் கியர்பாக்ஸுக்குள் பிடிமானம் வருவதே எஞ்சின் ஓட்டும் பம்ப் எண்ணெயை அழுத்தினால்தான்.

கடைசியாக, கிளட்ச் முடிந்துவிட்டதா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு. எண்ணெய் மிதித்தால் ஊசி ஏறுகிறது, கார் ஏறவில்லை என்றால் எஞ்சினைக் குறை சொல்லாதீர்கள். முன்னால் யாரும் இல்லாத சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, வலது காலைப் பிரேக்கில் வைத்து, மூன்றாவது கியரைப் போட்டுக் கிளட்சை நிதானமாக விடுங்கள். எஞ்சின் குலுங்கி அணைந்தால் கிளட்சில் இன்னும் பிடி இருக்கிறது. அணையாமல் ஜாலியாக ஓடிக்கொண்டே இருந்தால் உடனே சாவியைத் திருப்பி அடைத்துவிட்டு ஃபோர்மேனுக்குப் போன் போடுங்கள், இன்னொரு தடவை சோதித்துப் பார்க்கிறேன் என்று மிச்சமிருப்பதையும் எரித்துவிட வேண்டாம்.